தூக்கப்போவது யார்?

வடகரப்பதியில் மாநில எல்லையைக் கடப்பது பெரிய விஷயமல்ல. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில் இருக்கும் இந்த ஊராட்சியில் தமிழும் மலையாளமும் கலந்தே புழங்குகின்றன. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். பெரிய ஆஸ்பத்திரியா, ரயிலா, கல்யாண ஜவுளியா? ஒரு பக்கம் கோவை, மறுபக்கம் பாலக்காடு. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எல்லை என்பது பஸ்ஸின் முதல் படி.

அவர்களில் பலரிடம் இருப்பது ஆஸ்பத்திரி ரக இரும்பு நாற்காலி. எடை அதிகம். வழுவழுப்பான தரையில் உருள்வதற்கென்று செய்யப்பட்டது. இதைப் பஸ்ஸில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அதில் உட்கார்ந்திருப்பவரை ஏற்ற இன்னும் இரண்டு பேர். விளைவு: பயணமே ரத்து.

மடக்கு நாற்காலி பிறந்ததே பயண ஆசையில்தான். அமெரிக்கச் சுரங்க விபத்தில் 1918-ல் முதுகு முறிந்தவர் ஹெர்பர்ட் எவரெஸ்ட். காரில் எடுத்துச் செல்லும்படி ஒரு நாற்காலி வேண்டும் என்றார். நண்பரும் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸ் அதை வடிவமைத்தார். குறுக்குக் கம்பிகள் மடங்கும் அந்த அமைப்புதான் இன்றும் கடைகளில் கிடைக்கிறது.

அலுமினிய நாற்காலி என்றால் எடை கணிசமாகக் குறையும். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2025-ல் அறிமுகமான 'ஒய்டி ஒன்' ஒன்பதே கிலோ. ஆனால் எடை மட்டும் போதாது. நான்கும் சிறு சக்கரங்களாக உள்ள 'பயண நாற்காலி' இலேசானதுதான்; ஆனால் பிறர் தள்ளினால்தான் நகரும். தோப்பு மண்ணிலும் ஜல்லியிலும் சிக்கிக்கொள்ளும். கையால் தள்ளிக்கொள்ள வலுவுள்ளவருக்கு 24 அங்குலப் பின்சக்கரம் தேவை. பொத்தானை அழுத்தினால் அது கழன்று வருமானால் ஆட்டோவிலும் இடம் கிடைக்கும். காற்றடைத்த டயர் குலுக்கலைத் தாங்கும். பஞ்சரானால் சைக்கிள் கடை இருக்கிறது. கெட்டி டயருக்குப் பஞ்சர் பயமில்லை, குலுக்கல் உண்டு.

மெத்தையில் சிக்கனம் கூடாது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைந்தோ இல்லாமலோ போகலாம். நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் படுக்கைப் புண் வரும். அது சீழ்ப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அடிக்கடி உடலைச் சாய்த்தோ தூக்கியோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பேட்டரி நாற்காலி தானே ஓடும். ஆனால் படியில் அதையும் தூக்கத்தான் வேண்டும். விமானத்தில் போவதானால் பேட்டரி விவரத்தை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.

பஸ்கள் அனைவரும் ஏறும்படி இருக்க வேண்டும் என்பது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கம். சென்னையிலேயே நீதிமன்றப் படி ஏறிய பிறகுதான், 2024-ல் புதிய தாழ்தள பஸ்கள் வந்தன. எல்லைக் கிராமத்துக்கு அது எப்போது வருமோ! அதுவரை நாற்காலி வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் தன் வீட்டு வாசல், தெரு, பஸ் நிறுத்தம், ஆட்டோ எல்லாவற்றையும் ஒரு முறை அளந்துகொள்வது நல்லது. பிறகு கடைக்காரர் எதிரில் நாற்காலியை மடக்கி, கூடவரப் போகிறவரையே தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்தக் கைகள் வயதான தாயுடையதாக இருந்தால் ஐந்து கிலோ வித்தியாசம் என்பது கோவைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் உள்ள வித்தியாசம்.