குசட்சுவில் வெந்நீர்க் குளியல்

ஜப்பானில் வெந்நீர் ஊற்று இல்லாத மாநிலமே கிடையாது. "ஓன்சென்" என்பார்கள். அதில் பெயர் பெற்ற பழைய ஊர் குசட்சு. சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். 2024 அக்டோபரில் டோக்கியோவிலிருந்து மகன், மருமகள், மூன்று வயசுப் பேரனோடு போயிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே குப்பென்று கந்தக வாடை. ஊர் நடுவில் ஆவி பறக்கப் பொங்குகிற தண்ணீரை நீள மரத் தொட்டிகளில் ஓடவிட்டு ஆற வைக்கிறார்கள். சூடு அதிகமானால் நாம் பச்சைத் தண்ணீர் விளாவுவோம் இல்லையா? இங்கே விளாவினால் மருந்துச் சத்து நீர்த்துவிடுமாம். அதனால் பெண்கள் வரிசையாக நின்று, ஆளுயரப் பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே துழாவி ஆற்றுவது பழைய வழக்கம். இப்போது அதை வருகிறவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள். பால் ஆற்றுகிற நமக்கு இது புரியாதா என்ன! 18-ஆம் நூற்றாண்டில் ஷோகன் யோஷிமுனே இந்தத் தண்ணீரைத் தலைநகருக்கே வரவழைத்தாராம்.

தண்ணீர் ஏறக்குறைய எலுமிச்சம் சாறு போல அமிலம். கண்ணில் பட்டால் எரியும். பேரனை நாங்கள் இறக்கவே இல்லை. ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். நகை கறுத்துவிடும் என்றதால் தாலியை முதல் நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டேன்.

பெண்களுக்குத் தனி இடம்தான். ஆனால் உடம்பில் பொட்டுத் துணி கூடாது! கையில் ஒரு சின்னத் துண்டு. அதையும் தொட்டியில் நனைக்கக் கூடாது. மாமியாரும் மருமகளும் எப்படி?

"அத்தை, நீங்க முதல்ல போங்க. நான் அப்புறம் வரேன்."

"சேர்ந்தே போயிடலாம் வாம்மா. இங்கே யார் நம்மைப் பார்க்கப் போறா?"

உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. முதுகு வளைந்த ஒரு பாட்டி மட்டும் தன் பக்கத்து முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள்.

அப்போதுதான் மருமகளின் அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்தேன். அவளுக்கு ஆபரேஷன் ஆனது 2021-ல். கொரோனா காலம், சுற்றுலா விசாவே கிடையாது. அவள் அம்மாவாலும் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பத்தியக் குழம்புக்குப் பூண்டு எத்தனை பல் என்று என் பிள்ளை போனில் கேட்டுக் கேட்டுச் சமைத்தான்.

"இன்னும் வலிக்குதா?"

"எப்பவாவது சுருக்குனு இழுக்கும் அத்தை. அந்த நாள்ல யாராவது வெந்நீர் ஊத்திவிட்டாத் தேவலைன்னு இருந்துது."

தொட்டியில் இறங்குமுன், சூட்டுக்கு உடம்பு பழக மொண்டு ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கம். மரக்குவளையை நான் வாங்கிக்கொண்டேன். முதலில் பாதம், அப்புறம் முழங்கால், இடுப்பு. "திரும்பும்மா" என்று முதுகில் நிதானமாக ஊற்றினேன். ஊரில் நாற்பது நாளும் ஊற்றியிருப்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஒன்றும் பேசவில்லை.

பாட்டி ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"உங்க அம்மா ரொம்ப அன்பானவங்கன்னு சொல்றாங்க."

"மாமியார்னு சொன்னியா?"

"சொல்லலை அத்தை."

ஐந்து நிமிஷத்துக்கு மேல் அந்தச் சூட்டில் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தால், பேரன் பூரணம் வைத்த மான்ஜுவை வாயெல்லாம் அப்பிக்கொண்டு அவன் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தான்.