சாமளாபுரத்தில் மிதந்த துளி

ஒலி அலையால் நீர்த்துளியை அந்தரத்தில் நிறுத்த முடியும் என்று படித்த நாள்முதல், அதை நேரில் பார்க்க ஆசை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சப்தர்ஷி பாசுவின் குழு, அப்படி மிதக்கும் துளிகள் எப்படி ஆவியாகின்றன, எப்படி உடைகின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 2012-ல் மருந்துக் கரைசலை இப்படி மிதக்கவிட்டு உலர்த்தினார்கள். பாத்திரத்தின் சுவர் படாததால் மருந்து படிகமாக இறுகவில்லை. உடலில் எளிதில் கரையும் வடிவில் கிடைத்தது. நான் பார்த்தது விசைத்தறி ஊரான சாமளாபுரத்தில், இயற்பியல் ஆசிரியரான நண்பரின் வீட்டில்.

ஆராய்ச்சியாளர் ஆசியர் மார்சோவும் அவரது சகாக்களும், எல்லோரும் செய்துகொள்ளும்படி 2017-ல் வெளியிட்ட வடிவமைப்பில் செய்த கருவி அங்கே இருந்தது. குழிந்த இரு தட்டுகள், மேலே 36, கீழே 36 ஒலிபரப்பிகள். கார் பின்னால் வரும்போது எச்சரிக்கும் சென்சாரில் இருக்கிற அதே வகை. நொடிக்கு 40,000 அதிர்வு. மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் எட்டாது. மேலிருந்தும் கீழிருந்தும் வரும் அலைகள் எதிர்ப்பட்டு, சுமார் நாலேகால் மில்லிமீட்டருக்கு ஓர் இடத்தில் பொருள் தங்கும்படி கணுக்களை உண்டாக்குகின்றன. நண்பர் ஊசிமுனையால் துளியை அங்கே கொண்டுபோய் விட்டார். துளி துவரம்பருப்பாய்த் தட்டையாகி நின்றது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் தட்டையாகிச் சிதறும், குறைத்தால் விழும். இரண்டு தட்டுகளின் அலைகளுக்கு இடையே சிறிது முன்பின் ஏற்படுத்தினால் கணு நகரும், துளியும் கூடவே நகரும்.

பக்கத்துச் சுவருக்கு அப்பால் விசைத்தறிக் கூடம். டீ குடிக்க வெளியே வந்த தறிக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. துளியைப் பார்த்துவிட்டு நண்பரிடம் கேட்டார்: “சத்தத்துல நிக்குதுன்னு சொன்னீங்களே வாத்தியாரே, அந்தச் சத்தம் எனக்குத்தான் கேக்கலீங்களா, இல்ல உங்களுக்கும் கேக்கலீங்களா?”

அதன்பின் நான் துளியைப் பார்க்கவில்லை. அவரோடு கூடத்துக்குப் போனேன்.

பதினான்கு வயதில் தார்க்குச்சியில் நூல் சுற்ற வந்தவர். பிறகு தறி ஓட்டக் கற்று, அதிலேயே ஆயுள் போயிற்று. தறியின் இரு பக்கமும் இருக்கும் பிக்கிங் குச்சியைக் காட்டினார். தோல் பட்டை இழுக்க, குச்சி நாடாவை ஓங்கி அடிக்கிறது. குறுக்கே போகும் ஊடை நூலோடு நாடா, நீளவாட்டுப் பாவு நூலைக் கடந்து மறுபக்கப் பெட்டியில் போய் மோதுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இப்படி. ஒரு கூடத்தில் பல தறிகள். “போன்ல பேசுனா பேத்தி சொல்றது பாதிதாங்க புரியுது. வயசாச்சுன்னு நெனச்சுக்கறேன்,” என்றார் என் காதருகே கத்தி.

வயசு மட்டும் காரணமில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பதுதான் நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வைத்த வரம்பு. நாடாத் தறிக் கூடங்கள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். இரைச்சலால் வரும் செவிடு, 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் எட்டுத் தறி, பத்துத் தறி போட்ட கூடங்களைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

தறி உரிமையாளரைக் கேட்டால் அவரும் கூலிக்காரர்தான். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார், காடாத் துணியை வாங்கிக்கொண்டு மீட்டர் கணக்கில் கூலி தருவார். 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவானது. அது கைக்கு வராமல் 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025-லும் ஒரு மாதம் நின்றன. பேசி முடித்த கூலியையே தராமல் இழுத்தடிப்பது அநியாயம். துணி கைமாறும் இடத்திலெல்லாம் லாபம் தங்குகிறது. அதை நெய்தவருக்கு மிஞ்சுவது காதடைப்பு. இந்தக் கணக்கில் மனிதனின் செவிக்கு யாரும் விலை போடவில்லை.

கூலிப் பேச்சுவார்த்தையில் இனி இதுவும் இடம்பெற வேண்டும்: ஆண்டுக்கொரு முறை செவிப் பரிசோதனை, ஆளுக்கொரு காதடைப்பான், செலவு துணியை வாங்குபவருடையது. உங்கள் வீட்டில் தறி ஓட்டியவர் இருந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதியுங்கள். இரைச்சலில் போன செவி திரும்ப வராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம்.