5 ஊர், 3 நாள்... இருவருக்கும் சேர்த்து பஸ் செலவு சுமார் 250 ரூபாய்! - சேலம், நாமக்கல் பக்கம் ஒரு தம்பதி டூர்

டூர் என்றதும் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பேச்சு கிளம்பும். வண்டி வாடகை, ரூம் வாடகை என்று கணக்குப் போட்டதும் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று பேச்சு அடங்கிவிடும். சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பணத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இது லாரியும் தறியும் ஓடும் பூமி. லாரி வடமாநிலத்துக்குப் போனால் கணவர் வீடு திரும்பப் பல நாள்கள் ஆகும். விசைத்தறிக் கூடத்தில் ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட், மற்றவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால், ஒரே வீட்டில் இருந்தும் சேர்ந்து சாப்பிடுவதே அபூர்வம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி தவிர இருவர் மட்டும் சேர்ந்து பஸ் ஏறியது எப்போது என்று கேட்டால், யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குத் தோதான சுற்று சேலம், தாரமங்கலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். சேலத்தில் தொடங்கி சேலத்திலேயே முடித்தால் மொத்தம் சுமார் 185 கிலோமீட்டர். 2018-ல் திருத்தப்பட்ட அரசுப் பேருந்துக் கட்டணப்படி, ஆர்டினரி வெளியூர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 58 பைசா. ஆளுக்கு 110 ரூபாய் அளவில் முடிந்துவிடும். உள்ளூர் டவுன் பஸ் செலவையும் சேர்த்தால் இருவருக்கும் 250 ரூபாய் போதும். எக்ஸ்பிரஸ் பஸ்களில் கட்டணம் கூடும். 2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணத் திட்டத்தில் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ் ஓடும் தூரத்துக்கெல்லாம் கணவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்!

முதல் நாள்: சேலம், தாரமங்கலம்

காலையிலேயே தாரமங்கலம் கிளம்பிவிடுவது நல்லது. சேலத்திலிருந்து சுமார் 26 கிலோமீட்டர். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கெட்டி முதலிகள் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் சாமி கும்பிட ஐந்து நிமிடம் போதும், சிற்பங்களைப் பார்க்கத்தான் இரண்டு மணி நேரம் வேண்டும். ராமன் மறைந்து நின்று வாலி மீது அம்பு எய்யும் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கம் போய்ப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். ஒருவர் இந்தத் தூணிலும் மற்றவர் அந்தத் தூணிலும் நின்று சோதித்துப் பார்க்கலாம். யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தும் இங்கே உண்டு.

மதியம் சேலம் திரும்பி, ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கலாம். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டுடியோவுக்கு இன்று மிச்சமிருக்கும் அடையாளம் அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். வளைவு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், செலவில்லை.

சாயந்தரம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும், துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வைத்துத் தள்ளுவண்டியில் தருவார்கள். ஒரு எச்சரிக்கை: சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சும்மா நடந்து வரலாம் என்று போனால், மூன்று நாள் பட்ஜெட் ஒரே கடையில் முடிந்துவிடும்!

இரண்டாம் நாள்: சங்ககிரி, திருச்செங்கோடு

ஈரோடு பஸ்ஸில் ஏறினால் சங்ககிரி. வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை ஏற வேண்டும். வாசல் மேல் வாசலாகக் கடந்து உச்சிக்குப் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். மேலே கடை கிடையாது. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கட்டாயம். ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805-ல் தூக்கிலிடப்பட்டது இந்தச் சங்ககிரியில்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ் வாசலோடு நின்று பார்த்துவிட்டு வரலாம்.

அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் திருச்செங்கோடு. இந்தப் பயணத்தில் தம்பதிகள் தவறவே விடக் கூடாத ஊர் இது. மலை மேல் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பாதி சிவன், இடப்பாதி பார்வதி. அலங்காரத்திலும் ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் சேலை. சிவனின் இடப்பாகம் பெறுவதற்காகப் பார்வதி இருந்த கேதார கௌரி விரதத்தோடு இந்தத் தலத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். சம்பந்தர் பாடிய ‘கொடிமாடச் செங்குன்றூர்’ இதுதான்.

மேலே போக வண்டிப் பாதை உண்டு. படியில் ஏறினால் சுமார் 1,200 படிகள். வழியில் பாறையிலேயே செதுக்கிய நீண்ட நாகமும், அறுபதாம் படியும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்கவே படியில் ஏறலாம், பஸ்ஸில் இறங்கலாம். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். நாடெங்கும் போர்வெல் போடப் போகும் ரிக் வண்டிகள் கிளம்பும் ஊர் இது. கணவர் மாதக்கணக்கில் வெளியூரில் இருக்க, வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி தனியே பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே நிறைய. பாதிப் பாதி என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்: நாமக்கல்

நாமக்கல்லில் வெளியூர் பஸ்கள் முதலைப்பட்டி புதிய பேருந்து நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஊருக்குள் வரலாம். ஒரே கல்லில் செதுக்கிய 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறார். அவர் கைகூப்பிப் பார்க்கும் திசையில் குடைவரையில் நரசிம்மரும், கூடவே நாமகிரித் தாயாரும். கணித மேதை ராமானுஜனின் குடும்பத் தெய்வம் இந்தத் தாயார்தான். தன் சூத்திரங்கள் தாயார் அருளியவை என்று அவர் சொல்வார்.

பாறைக்கு மேலே கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நினைவு இல்லமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாமக்கல் வந்து முட்டை சாப்பிடாமல் போனால் எப்படி? கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு கலக்கியோ ஆம்லெட்டோ!

திரும்பும்போது ரயிலையும் பார்க்கலாம். 2013-ல் திறந்த சேலம் - கரூர் பாதை நாமக்கல், ராசிபுரம் வழியாகத்தான் போகிறது. நேரம் ஒத்துவந்தால் ஜன்னலோர சீட்டில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே வரலாம்.

கிளம்பும் முன்...

* ஆளுக்கு ஒரு சின்ன பை போதும். பெட்டி தூக்கினால் ஆட்டோ தேவைப்படும், ஆட்டோதான் பட்ஜெட்டைக் கடிக்கும்.

* லாட்ஜில் ரூம் எடுக்க இருவரின் அடையாள அட்டையும் வேண்டும். ஒருவருடையதை மட்டும் எடுத்துப் போனால் கவுன்டரில் நிற்க வைத்துவிடுவார்கள்.

* முதல் இரவு சேலம், இரண்டாம் இரவு திருச்செங்கோடு அல்லது நாமக்கல். பேருந்து நிலையம் பக்கத்தில் ரூம் பாருங்கள். ரூமை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

* பெரிய சாப்பாடு மதியம்தான். ஸ்பெயினில் சிக்கனமாகச் சுற்றும் பயணிகளும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே மதியத்துக்கு மட்டும் நிர்ணயித்த விலையில் முழுச் சாப்பாடு கிடைக்கும். நம் ஊர் மெஸ் சாப்பாடும் அதே கணக்குதான். இரவுக்கு இட்லி, தோசை போதும்.

* ஏப்ரல், மே வெயிலில் கோட்டை ஏறாதீர்கள். தை, மாசி தோதான மாதங்கள்.

* பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விடும்போது, ‘கோயிலுக்குப் போறோம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அது பொய்யில்லை. ஐந்தில் மூன்று ஊரில் கோயில் இருக்கிறதே!