ஆடாத ஊருக்கு வந்து சேர்ந்தேன்

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் வேலையாக பிளாட்பாரத்தை ஒரு காலால் அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை. கடலை விற்றவர், "என்ன தம்பி, செருப்பு அறுந்துடுச்சா?" என்றார். நேபாளத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. டி.வி. பார்த்திருக்கிறார். ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்து, காசு வாங்க மறுத்துவிட்டார்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56. அந்த நேரத்துக்கு நான் காத்மாண்டுவில் தரஹரா கோபுரத்தின் உச்சியில் நின்றிருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் கேழ்வரகுக் களி! தர்மபுரிக்காரனுக்கு நாலு நாள் ரொட்டி தின்றால் நாக்கு செத்துப் போகும். லாட்ஜில் டீ கொண்டுவரும் பையனிடம் அரைகுறை இந்தியில் களியை விளக்கினேன். சிரித்தான். அவர்கள் ஊரிலும் கேழ்வரகு மாவில் கிண்டுவார்களாம். பெயர் டிடோ. "எங்கம்மா கிண்டினா நாலு உருண்டை போகும்."

பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தோம். ஈரத் துணியை உதறுகிற மாதிரி தெருவை யாரோ உதறினார்கள். புழுதி அடங்கியபோது கோபுரம் இல்லை. ஏறியிருந்தவர்களில் பலரும் இல்லை. நிலநடுக்க அளவு 7.8. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 9,000 பேர். அங்கே சனிக்கிழமைதான் வார லீவு, பள்ளிக்கூடங்கள் காலி. அந்த மட்டும் பிழைத்தது.

என் செல்போன் செங்கல்லுக்கு அடியில். பையன் தன் போனை நீட்டி, "முதல்ல நீங்க" என்றான். பத்துப் பதினைந்து தடவை அடித்தபின் லைன் கிடைத்தது. "அம்மா, நான் நல்லாருக்கேன்." கட்.

அப்புறம் அவன் அடித்தான். போனைக் காதில் வைத்து "ஆமா... ஆமா..." என்றான். யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்தேன். இல்லை, கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நேபாளியில் அம்மாவுக்கு 'ஆமா'. அவன் ஊர் சிந்துபால்சோக் மாவட்டம். அங்கேதான் சாவு அதிகம் என்று பிறகு பேப்பரில் படித்தேன்.

இரண்டு ராத்திரி மைதானத்தில் படுத்தோம். 26-ம் தேதி மறுபடி 6.7. மறுநாள் காலை அவன் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நான் ஏர்போர்ட்டில் நம் விமானப்படை விமானத்துக்கு கியூவில் நின்றேன்.

வீட்டில் அம்மா சூடம் சுற்றிப் போட்டு, களி கிண்டிப் போட்டாள். முதல் வாய் வைக்கவில்லை, 'டம்' என்றது. தட்டோடு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

"குவாரி வேட்டுடா, கண்ணு!"

எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் திண்ணையிலிருந்தே பாடம் நடத்தினார். "நம்ம பாறைக்கு 250 கோடி வருஷம் வயசு தம்பி. அவ்வளவு லேசுல ஆடாது. ஆனா இதைத் தாங்குற நிலத்தட்டுதான் வடக்கே போய் ஆசியாவை முட்டுது. இமயமலையே அப்படி எழும்பினதுதான்." முட்டுவது நம் தட்டு, இடிவது அவன் வீடு. களி இறங்கவில்லை.

அம்மாவின் போனில் அவன் நம்பர் இருந்தது. தினம் விளக்கேற்றியதும் அடிப்பாள். "ஏதோ பாஷையில பொம்பள பேசறாடா" என்று வைத்துவிடுவாள். எட்டாம் நாள் எடுத்துவிட்டான். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். "சாமி, உங்கம்மா நல்லாருக்காங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

நான் ஓடிப்போய் வாங்குவதற்குள் லைன் போய்விட்டது.

"நல்லாருக்காளாம்டா. ஆமா, ஆமாங்கறான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.