மொழிபெயர்ப்பில் விடுபட்ட மூச்சு

2013 ஆகஸ்டில் ஓர் இளைஞன் நீதிமன்ற அறிவித்தலோடு பதுளையில் இருந்த என் அலுவலகத்துக்கு வந்தான். ஸ்பிரிங்வெலிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்தவன். கொழும்பில் கடையில் நின்று சேர்த்த காசில் ஒரு பழைய லான்சர் கார் வாங்கி, ஊருக்குத் திரும்பி வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தான். அந்த லயத்துக்கு வந்த முதல் கார் அதுதான். நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட பெண்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இறக்கியதும் அந்தக் கார்தான்.

அவன் மீதான முறைப்பாடு சைலன்சர் பற்றியது. காரோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, பஞ்சிகாவத்தையில் வாங்கிய அகலக் குழாய் ஒன்றை வீட்டு வாசலிலேயே பூட்டியிருக்கிறான். கருங்கல்லை அண்டைகொடுத்து, ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, தம்பியை டோர்ச் பிடிக்கச் சொல்லி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்த வேலை. "இழுவை கூடும்னு சொன்னாங்க சேர். பசறை ஏத்தத்துல நல்லா இழுக்கும்னு நெனச்சேன்" என்றான்.

அதிகாலை நாலரைக்கு அவன் காரைக் கிளப்பினால் லயமே விழித்துக்கொள்ளும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒரே கூரைத் தகரம், வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். அது ஊவாத் தேயிலையின் பருவகாலம் வேறு. காய்ந்த காற்று அடிக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் இங்கே பேர்போன தேயிலை கிடைக்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு முழுக்க வேலை நடக்கும். இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர்களின் தூக்கத்தை அந்தச் சத்தம் பறித்துக்கொண்டிருந்தது.

பொலிஸார் இரண்டு வழியில் வந்திருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் சைலன்சர் குறித்து ஒரு குற்றச்சாட்டு. அத்தோடு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்ற நீதவானிடம் கட்டளை கேட்டு ஒரு விண்ணப்பம்.

முதலாவதில் தண்டப்பணம் கட்டி முடித்துவிடலாம். இரண்டாவதை எதிர்க்க எனக்கு ஒரு வாதம் இருந்தது. தண்டனைச் சட்டக்கோவையின் 261ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லை என்றால் அக்கம்பக்கத்தில் வாழும் மக்களுக்குப் பொதுவாக ஊறோ, ஆபத்தோ, எரிச்சலோ விளைய வேண்டும். ஒரு தனி ஆளின் மனக்கசப்பு பொதுத் தொல்லை ஆகாது. முறைப்பாட்டில் முதலில் கையொப்பம் வைத்தவர் அடுத்த காம்பராவில் இருந்த மூதாட்டி. அவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் மரக்கறிப் பாத்தி ஒன்றின் எல்லை பற்றிப் பழைய சண்டை இருந்தது. அதைக் குறுக்கு விசாரணையில் வெளியே கொண்டுவந்துவிட்டால் விண்ணப்பம் நிற்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

எதிர்த்தரப்பிலும் பலம் இருந்தது. வெலிகம ஒலிபெருக்கி வழக்கில் 2007 நவம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அளித்த தீர்ப்பு அப்போது நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்பட்டு வந்தது. கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அதன் சாரம். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை அந்த வழக்குத்தான் கொண்டுவந்தது. ஒலிபெருக்கிக்குப் பொருந்துவது சைலன்சருக்குப் பொருந்தாதா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

விசாரணை நாளில் மூதாட்டி சாட்சிக் கூண்டில் ஏறினார். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த கை கூண்டின் கம்பியைப் பிடித்திருந்தது. பதுளை நீதிமன்றத்தில் வழக்கு சிங்களத்தில் நடக்கும். தமிழில் சொல்லப்படும் சாட்சியம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பதிவாகும். பாத்திச் சண்டையைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் ஒப்புக்கொண்டார். "அந்தக் கோபத்தில்தானே இந்த முறைப்பாடு?" என்றேன்.

"சத்தத்தக்கூடப் பொறுத்துக்கலாங்க ஐயா. அத கெளப்பி விட்டுட்டு நிப்பாட்டி வச்சிருக்கிறப்போ நெஞ்ச அடைக்குது. தல கிறுகிறுன்னு வருது. கதவத் தொறந்தா கொஞ்சம் தெளியுது."

சத்தம் நெஞ்சையும் தலையையும் வருத்துகிறது என்ற பொருளில் மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. வழக்கு சத்தத்தைப் பற்றியது, அவர் காதுக்கும் அப்படியே பட்டிருக்கும். கதவைத் திறந்தால் தெளிகிறது என்ற வார்த்தை பதிவில் ஏறவே இல்லை. எனக்கு அது நேராகத் தமிழில் விழுந்தது. கதவைத் திறந்தால் சத்தம் கூடும், குறையாது. அந்த அம்மா சொன்னது சத்தத்தை அல்ல, காற்றை.

நீதவானிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு என் கட்சிக்காரனை வெளியே அழைத்துப் போனேன்.

"தம்பி, கார்ல போறப்போ யாருக்காவது தலைவலி, மயக்கம் வந்திருக்கா?"

"அக்கா மகளுக்கு வாந்தி வரும் சேர். மல ரோடுதானே, வளைவுக்குன்னு விட்டுட்டோம்."

"கண்ணாடி மூடியிருக்குமா?"

"விடிய மூடித்தான் போவோம் சேர். பனி."

என் உடல் சில்லிட்டது. ஊவா மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது யாருக்கும் புதிதல்ல. எலுமிச்சங்காயை முகரக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்வோம். எஞ்சினிலிருந்து வெளிவரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது ஒட்டிக்கொள்ளும். அதன் முதல் அறிகுறிகளும் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்திதான். எங்கள் பாதையின் வளைவுகள் அந்த நஞ்சை ஒளித்து வைத்திருந்தன.

சாட்சி சொன்னது முழுவதாக மொழிபெயர்க்கப்படவில்லை என்று நானே எழுந்து மன்றுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு உன் சம்மதம் வேண்டும் என்றேன். அப்படிச் சொன்னால் விண்ணப்பத்தில் தோற்போம் என்பதையும் ஒளிக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "புள்ள அந்தக் கார்லதான் ஸ்கூல் போகுது சேர். சொல்லிருங்க" என்றான்.

சொன்னேன். மூதாட்டியிடம் மறுபடி கேட்டு, அவர் வார்த்தைகள் முழுவதும் பதிவாகின. எதிர்ப்பை மீளப்பெற்றேன். காரை மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காட்டி அறிக்கை பெறும்படி நீதவான் பணித்தார்.

அறிக்கை வந்தபோது ஒவ்வொரு வரியும் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பற்றியே பேசியது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கேஸ்கட் இல்லை. முன் ஆசனத்துக்குக் கீழே இருந்த அந்த இணைப்பிலிருந்து புகை கசிந்தது. காபன் மொனொக்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் கழற்றப்பட்டிருந்தது. குழாயைத் தாங்க இறப்பருக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. அது ஆட, இணைப்பு மேலும் தளர்ந்திருக்கிறது. குழாயின் வால் முனை மூதாட்டியின் இஸ்தோப்பைப் பார்த்து நின்றது. இவ்வளவுக்கும் பிறகு அவன் தேடிய இழுவையாவது கிடைத்ததா? எஞ்சினில் வேறொன்றையும் மாற்றாமல் குழாயை மட்டும் அகலமாக்கினால் சத்தம்தான் பெருகும். பசறை ஏற்றத்தில் அவனே அதைக் கண்டுகொண்டிருந்தான்.

பழைய சைலன்சரையும் கொன்வேட்டரையும் மீண்டும் பூட்டி, பரிசோதகரின் சான்றோடு இரண்டு வாரத்தில் வர வேண்டும்; அதுவரை காரை ஓட்டக்கூடாது என்று கட்டளை பிறந்தது. அந்தக் கார் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். நீதவான் பொறுமையாகக் கேட்டார். ஒரு செயலால் சிலருக்கு வசதி உண்டு என்பது பொதுத் தொல்லைக்குச் சமாதானம் ஆகாது என்று 261ஆம் பிரிவு சொல்வதை நினைவூட்டினார். நியாயம்தான். வலியோடு ஏறும் தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் அந்தக் கசிவுக்கு மேலேதானே உட்கார வைத்திருந்தார்கள்.

ஹாலிஎலையில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் வேலை முடிந்தது. சான்று வந்தது. சைலன்சர் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினான். பிள்ளையின் வாந்தி நின்றுவிட்டது என்று பிறகு ஒருநாள் வந்து சொன்னான். காரைக் கிளப்பு முன் லயத்தின் கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறானாம். பின்னால் கை கொடுத்துத் தள்ளுவது அந்த மூதாட்டியின் பேரன்.

2025இல் நாடு முழுவதும் சத்தமான சைலன்சர்களுக்கு எதிராகப் பொலிஸ் நடவடிக்கை தீவிரமானபோது இந்த வழக்கை நினைத்துக்கொண்டேன். அப்போதும் பேச்செல்லாம் சத்தத்தைப் பற்றியே இருந்தது. சத்தம் காதுக்குத் தெரியும், பொலிஸுக்கும் தெரியும். கசிவு யாருக்கும் தெரியாது.

தோட்டத்துப் பிள்ளைகள் சொந்தக் கார் வாங்குவதும், சொந்தக் கையால் அதைப் பழுது பார்ப்பதும் எனக்குப் பெருமை. அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கல்லை நம்பவே வேண்டாம். கொன்வேட்டரைக் கழற்றாதீர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் புதிய கேஸ்கட் போடுங்கள். பூட்டிய பின், சூடேறு முன் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிள்ளை காருக்குள் வாந்தி எடுத்தால் உடனே கண்ணாடியைத் திறந்து, காரை நிறுத்தி, பிள்ளையைக் காற்றோட்டமான இடத்தில் இறக்குங்கள். வளைவைக் குறை சொல்லு முன் குனிந்து சைலன்சரைப் பாருங்கள்.