கல்லில் தொடங்கி மணலில் முடியும் கரை

யாழ்ப்பாணத்தில் 750 ஆம் இலக்க பஸ் ஏறினால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று செம்மண் தோட்டங்களும் வாழைகளும் கூடவே வரும். வல்லை வெளியில் அவை சட்டென்று அற்றுப்போகும். இரண்டு பக்கமும் உப்புநீரும் வெட்டவெளியும். சைக்கிளில் போகிறவரை ஒருபக்கமாய்ச் சாய்த்துவிடும் காற்று. பாலத்துக்கு அப்பால் வடமராட்சி. நெல்லியடியும் மந்திகையும் கழிந்தால் பருத்தித்துறை.

இங்கே வருகிறவர்களில் பலர் சக்கோட்டை முனையில் நின்று படம் எடுத்து, வடைப் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறார்கள். இலங்கையின் வடக்கு எல்லையில் கால் வைத்தது அவர்களுக்குப் போதும். ஆனால் இந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் சக்கோட்டையிலிருந்து கிழக்கே திரும்பி, கரையோரமாக மணற்காடு வரைக்கும் போகவேண்டும். சைக்கிள் இருந்தால் நல்லது. ஒரே பகலில், ஒரே கரையில், நிலம் கல்லிலிருந்து மணலாக மாறுவதைக் கண்ணால் காணலாம்.

சக்கோட்டைப் பக்கம் முழுவதும் முருகைக்கல். அலைகள் தூரத்திலேயே கற்பாரில் மோதி உடைந்துவிடுவதால் கரையோரத் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். படகுகள் வந்துபோவதற்குப் பாரின் நடுவே ‘வான்’ என்ற ஒடுங்கிய வழிதான் உண்டு. இரவிலும் அந்த வழி தவறாமல் வருகிறவர்தான் நல்ல ஓட்டி. வடமேற்கே சுமார் 65 கிலோமீற்றர் கடல் தாண்டினால் கோடியக்கரை. பாய்க்கப்பல் காலத்தில் அது அயலூர்.

முனைப் பக்கத்து வெளிச்சவீடு 1916இல் கட்டப்பட்டது. உயரம் 32 மீற்றர். போர்க்காலத்தில் இந்தக் கரையின் பெரும்பகுதி படையினர் வசம் இருந்தது. பக்கத்திலேயே, பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1838இல் தொடங்கிய பள்ளி, இன்றைய ஹாட்லிக் கல்லூரி.

தும்பளை வீதியில் இருக்கிற தெருமூடி மடத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மற்ற ஊர்களில் மடம் தெருவோரத்தில் இருக்கும். இங்கே கல்தூண்கள் தாங்கும் கூரையின் கீழால் தெருவே போகிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகள். வண்டில்காரரும் கால்நடையாய் வந்தவரும் பொதியை இறக்கி ஆறிப் போன இடம். வழிப்போக்கரை ‘உள்ளே வாருங்கள்’ என்று அழைக்கவே தேவையில்லாமல் ஒரு மடம் கட்டவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் இதுதான்.

புலம்பெயர்ந்த உறவுகள் ஆடி விடுமுறைக்கு வரும்போது நோர்வேயிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்த எங்கள் ஆட்களின் பிள்ளைகள். மலை நடுவே கடல் புகுந்த பியோட் கரைகளையும், மலை உச்சியிலிருந்து நேரே கடலில் விழும் அருவிகளையும் பார்த்து வளர்ந்தவர்கள். ‘இங்கே அருவி இல்லையா?’ என்று கேட்பார்கள். குடாநாட்டில் மலையும் இல்லை, வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அந்த மெல்லிய நன்னீர்ப் படையைத்தான் ஊர்க் கிணறுகள் எல்லாம் பங்கிட்டுக் குடிக்கின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அந்தப் பிள்ளைகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும்.

தும்பளை கழிந்து கற்கோவளம் பக்கம் போகப் போகக் கல் மறைகிறது. வல்லிபுரத்தில் எல்லாமே மணல். அங்கே ஆழ்வார் கோயில். புரட்டாதித் திருவிழாவில் சுவாமி கடலுக்குத் தீர்த்தமாடப் போகும் நாளில் வடமராட்சியே அந்த மணலில் நிற்கும். 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவில் ஒரு விகாரை எழுந்ததைப் பிராமி எழுத்தில் சொல்கிறது. ஏறத்தாழ 1,900 வருடத்துக்கு முந்திய எழுத்து.

மணற்காட்டில் மணல் மேடுகள் பனை உயரத்துக்கு எழும்புகின்றன. பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் பாதி புதைந்து நிற்கின்றன. மணலைத் தடுக்க நட்ட சவுக்குக் காடு ஒருபுறம். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களின் நினைவிடம் இன்னொருபுறம். இந்த மேடுகள் வெறும் மணலல்ல. மழையை உறிஞ்சி வைத்திருக்கும் நீர்த்தொட்டி அவை. கடலுக்கும் குடிமனைக்கும் நடுவே நிற்கும் ஒரே அணையும் அவைதான். அப்படியிருந்தும் இரவோடிரவாக உழவு இயந்திரங்களில் மணல் போய்க்கொண்டிருக்கிறது. ஏற்றிப்போன மணலைத் திரும்பக் கொட்டக் காற்றுக்கு எத்தனை தலைமுறை வேண்டும்? ஊராரும் அதிகாரிகளும் சேர்ந்து இதை நிறுத்தவேண்டும், இப்போதே.

வடையை மறக்கச் சொல்லவில்லை. உழுந்தும் மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்து, மெல்லிசாகத் தட்டி மொறுமொறுவென்று பொரிக்கிற பருத்தித்துறைத் தட்டைவடை கொழும்புக்கும் கனடாவுக்கும் போகிறது. வீடுகளில் பெண்கள் கையால் தட்டுவதைச் சூட்டோடு வாங்கித் தின்னுங்கள். சூடு ஆறினாலும் வாரக்கணக்கில் கெடாது.

போகிறவர்கள் மாசி, பங்குனியில் போகலாம். மழை விட்டிருக்கும், சோளகம் தொடங்கியிராது. விடியலில் சக்கோட்டையில் இருந்து புறப்பட்டு, வெயில் ஏறுமுன் மணற்காட்டை அடைந்துவிடுங்கள். குடிதண்ணீரைப் பட்டணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மணல் மேட்டில் கடை கிடையாது.