செம்பூரான் மண்ணில் செப்புக் கம்பி

ஆகாயத்தில் பேச வேண்டும் என்றால் முதலில் பூமியைக் கொத்த வேண்டும். இதைச் சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "ரேடியோன்னா மொட்டை மாடியில ஏரியல் கட்டுவாங்க. கடப்பாரை எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் புதுக்கோட்டைக்குக் கிழக்கே, ஆலங்குடி போகிற வழியில் ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறது.

தென்னந்தோப்பு என்பது பத்திரத்தில்தான். நேரில் போனால் ஆறே ஆறு மரம். மற்றதெல்லாம் இடுப்புயரக் கன்றுகளும், கொஞ்சம் வளர்ந்த இளசுகளும். 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, இந்த வழியாக மேற்கே போனபோது எடுத்துக்கொண்ட வரி அது. தோப்புக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஊரே அவரை வாத்தியாரய்யா என்கிறது. நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் என்னை 'ஓ.எம்.' என்பார். 'ஓல்ட் மேன்' என்பதன் சுருக்கம். ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இருபது வயசுப் பையனும் கிழவன்தான்!

புயலடித்த அன்று வாத்தியாரும் அவர் மனைவியும் இங்கே. ஒரே மகன் டெல்லியில். கரன்ட் போச்சு, செல்போன் டவர் சாய்ஞ்சாச்சு, ரோடு முழுக்க மரம். மகன் அங்கிருந்து போன் போட்டுப் போட்டு, நாலாம் நாள்தான் யாரோ ஒருவர் மூலமாக 'ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க' என்ற ஒரு வரி கிடைத்திருக்கிறது. அந்த நாலு நாளைப் பற்றி மகன் இன்றுவரை பெற்றவர்களிடம் விவரமாகப் பேசியதில்லையாம். பேசாமல் ஒரு காரியம் செய்தார். ஹாம் ரேடியோ பரீட்சைக்குப் புத்தகம் வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று அப்பாவுக்கு. முப்பது வருஷம் மற்றவர்களுக்குப் பரீட்சை வைத்த மனுஷர், பேனாவை எடுத்துக்கொண்டு மாணவர் பக்கம் போய் உட்கார்ந்து, பாஸும் செய்து, 'வி.யு.' என்று ஆரம்பிக்கும் அழைப்புக்குறி வாங்கிவிட்டார்.

கருவி வந்தது. சோலார் பலகை வந்தது. லாரி பேட்டரி வந்தது. வேப்பமரத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவே தாழ்வாக ஒரு கம்பியும் கட்டினார். அதில் திருச்சி, மதுரை, சென்னை எல்லாம் பகலில் ஜோராகக் கேட்டன. டெல்லி மட்டும் இழுபறி. காரணம் எளிது. தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை நேரே தலைக்கு மேலே அனுப்பும். அது வானத்தில் பட்டுத் திரும்பிச் சுற்றுவட்டாரத்தில் விழும். டெல்லியோ சுமார் 2000 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போக அலை தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாகக் கிளம்ப வேண்டும். கம்பியை உயரத்தில் கட்டலாமே என்றால், கட்டுவதற்கு மரம் எங்கே? அதான் கஜா கொண்டுபோய்விட்டதே.

ஒற்றைக் கம்பமாக நிற்கிற 'வெர்டிகல்' ஆன்டெனாவுக்கு மரம் தேவையில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர் அலுமினியக் குழாய், மூன்று நைலான் கயிறு, அவ்வளவுதான். ஆனால், இது பாதி ஆன்டெனா. மீதிப் பாதியைப் பூமி தர வேண்டும். கம்பத்தில் ஏறிய மின்னோட்டம் பூமி வழியாக அடிப்பாகத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பூமி நல்ல கடத்தியாக இருந்தால் கணக்கு நேராகும். கடற்கரைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். உப்புத் தண்ணீரைப் போல நல்ல பூமி கிடையாது. காய்ந்த சரளையும் பாறையும் நேர் எதிர். நாம் அனுப்புகிற சக்தியில் ஒரு பங்கை மண் தின்று, சூடாகி, பேசாமல் இருந்துவிடும். ஆகவே கம்பத்தின் அடியிலிருந்து சைக்கிள் சக்கர ஸ்போக்ஸ் மாதிரி நாலா பக்கமும் செப்புக் கம்பிகளைத் தரையில் பரப்பி, பூமிக்குப் பதிலாக அவற்றை வேலை வாங்க வேண்டும். இந்தக் கம்பிகளுக்கு ரேடியல் என்று பெயர்.

எத்தனை கம்பி? அமெரிக்காவில் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூவர் 113 கம்பிகள் வரை புதைத்து அளந்து, 1937-ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்த விஷயத்தில் இன்றும் மூலக் கட்டுரை. ஒலிபரப்பு நிலையங்கள் 120 கம்பி போடுவது வழக்கம். நமக்கு அத்தனை வசதி ஏது! எலெக்ட்ரிகல் கடையில் ஒரு ஸ்கொயர் ஒயர் 90 மீட்டர் சுருளாக வரும். வாத்தியார் இரண்டு சுருள் வாங்கியிருந்தார். மொத்தம் 180 மீட்டர். கையிருப்பு இவ்வளவுதான் என்றால் நீளமாக நாலு போடுவதைவிடக் குட்டையாக நிறையப் போடுவது மேல். 24 கம்பி, ஒவ்வொன்றும் ஏழரை மீட்டர், 15 டிகிரிக்கு ஒன்று. காம்பஸ் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டு வாத்தியார் தரையில் குறி போட்ட அழகைப் பார்க்க வேண்டுமே!

2023 செப்டம்பர் கடைசியில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். ஐப்பசி அடைமழைக்கும் அடுத்த புயல் பருவத்துக்கும் முன்னால் முடித்தாக வேண்டும் என்று கெடு. புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ். இரண்டு பக்கமும் தைல மரக்காடு, நடுநடுவே முந்திரி, மண் மட்டும் குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் சிவப்பு. பார்க்க லட்சணமான மண். கடப்பாரையைப் போட்டால்தான் அதன் குணம் தெரியும்.

முதல் போடு. 'டங்' என்றது. என் தோள்பட்டை வரைக்கும் பதில் வந்தது. மண் மேல் ஒரு வடு கூட இல்லை.

மேலே நாலு விரற்கடை சரளை. அதன் கீழே செம்பூரான் கல். இந்தக் கல்லுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. பூமிக்குள் ஈரத்தோடு இருக்கும்வரை கோடாலியால் வெட்டி எடுக்கலாம். வெயிலும் காற்றும் பட்டால் இறுகிவிடும். 1807-ல் வெளியான தன் புத்தகத்தில் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி டாக்டர், மலபாரில் பார்த்த இதே ஜாதிக் கல்லுக்கு, 'செங்கல்' என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். அவர் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். கொத்துகிறவன் பாடு யாருக்குத் தெரிகிறது?

உதவிக்கு வந்திருந்தவர் கல் வெட்டிப் பழக்கப்பட்ட அண்ணன் ஒருவர். நான் கடப்பாரையோடு மல்லுக்கட்டுவதை ஒரு பீடி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "தம்பி, இது அடிக்கு மசியாது. தண்ணிக்குத்தான் மசியும்" என்றார். குறி போட்ட கோடுகள் மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டு, சாக்கை நனைத்துப் போட்டு, ராத்திரி ஊற வைக்கச் சொன்னார். அன்றைக்கு மண் கொஞ்சம் இளகியிருந்த வடக்குப் பக்கத்தில் மட்டும் வேலை பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஒரு நல்ல சேதி. ரேடியலை ஆழப் புதைக்கவே வேண்டாம். ஒரு அங்குலம் போதும். மேலாகவே கிடந்தாலும் வேலை செய்யும். ஆழமாகப் போவதில் லாபமும் இல்லை. இன்ஸுலேஷனை உரிக்கவும் வேண்டாம். அது இருந்தால் செம்பு அரிக்காமல் நாள்பட உழைக்கும். பிறகு ஏன் புதைக்க வேண்டும் என்கிறீர்களா? ஆடு. மாடு. களை வெட்டுகிற அம்மாள். பழைய செம்புக்கு நல்ல விலை கொடுக்கிற காயலான் கடை. இந்த நால்வர் கண்ணிலும் காலிலும் படாமல் இருக்கத்தான்.

குந்தாலியின் கூர் முனையால் கீறல் மாதிரி ஒரு வாய்க்கால் போட்டு, கம்பியை அமுக்கி, 'யு' மாதிரி வளைத்த ஜி.ஐ. கம்பிக் கொக்கிகளால் பிடித்து, மேலே செம்மண்ணை மிதித்து விட்டோம். கொக்கிகள் நல்ல மண்ணில் வெண்ணெயில் போல இறங்கும். இங்கே பாதி கொக்கிகள் வடிவேலு மாதிரி வளைந்து எங்களைப் பார்த்துச் சிரித்தன. கல் தலை காட்டிய இடங்களில் அண்ணன் உளியால் ஒரு காடி வெட்டி, கம்பியை வைத்து, களிமண்ணைக் குழைத்துப் பூசினார். பிறகு அது எங்கே போச்சென்று எங்களுக்கே தெரியவில்லை.

வேலைக்கு நடுவே அவருக்கு ஒரு சந்தேகம். "இந்தக் கல்லு பூரா இரும்புங்கய்யா. பக்கத்துல பொற்பனைக்கோட்டையில அந்தக் காலத்திலேயே இதை உருக்கி இரும்பு எடுத்திருக்காங்களாம். பூமியே இரும்பா இருக்கறப்ப உங்களுக்குத் தனியா கம்பி எதுக்கு?" அருமையான கேள்வி. ஆனால், கல்லில் இருப்பது இரும்பாக இல்லை, துருவாக இருக்கிறது. மின்சாரத்துக்குத் துருவைக் கண்டால் ஆகாது. "அப்ப ரெண்டு படி உப்பும் கரியும் போட்டு ஒரு எர்த் குழி எடுத்தா?" என்றார் விடாமல். அதுவும் வேண்டியதுதான், இடிக்காக. அதைத் தனியாக எடுத்து இதோடு இணைத்தோம். ஆனால், இடியை இறக்குகிற குழி வேறு, அலையைத் திருப்புகிற கம்பி வேறு.

பொற்பனைக்கோட்டை என்றதும் இன்னொன்று. அங்கே 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்தது அல்லவா? அதனால் அந்த வட்டாரத்தில் யார் குனிந்து மண்ணைக் கிளறினாலும் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். சைக்கிளில் போன ஒரு பெரியவர் இறங்கி, நாங்கள் போட்டிருந்த வட்டத்தையும் ஆரங்களையும் வெகு நேரம் பார்த்து, "தொல்லியலா?" என்றார். இல்லை என்றோம். "அப்ப பொதையலா?" என்றார். அதுவும் இல்லை என்றதும், எங்களை நம்பாமல் போய்விட்டார்.

24 கம்பியும் வந்து கூடுகிற இடத்தில் துருப்பிடிக்காத ஒரு தகடு வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்றே விற்கிறார்கள். விலையைக் கேட்டால் இறக்குமதி செய்யத் தோன்றாது. வாத்தியார் சமையலறைக்குள் போனார். வரும்போது கையில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம். பின்னாலேயே அக்கா. "என்னங்க, அது எங்க அம்மா வீட்டுச் சீர்த் தட்டு!" என்றார். வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. "நாப்பது வருஷமா பரண்ல தூங்குது. இப்பதான் அதுக்கு ஒரு உத்தியோகம் வந்திருக்கு" என்றார். விளிம்பைச் சுற்றி 24 ஓட்டை, 24 போல்ட். ஒரு தாம்பாளத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் நாலு கம்பி முடிந்ததும் கம்பத்தின் அடியில் கருவி வைத்து அளந்தேன். 62 ஓம். கால் அலை வெர்டிகலுக்கு நல்ல பூமி கிடைத்தால் சுமார் 36 வர வேண்டும். அதிகப்படி 26-ம் மண்ணின் பங்கு. அதாவது 100 வாட் அனுப்பினால் 42 வாட் மண்புழுக்களுக்கு! எட்டுக் கம்பி ஆனபோது 53.

இங்கேதான் எங்களுக்குள் தகராறு. கருவியிலிருந்து வருகிற கேபிள் 50 ஓம் ரகம். ஆன்டெனாவும் ஏறக்குறைய 50 என்றால் இரண்டுக்கும் பத்துப் பொருத்தம், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் முள் 'பேஷ்!' என்று சொல்லிவிட்டு அசையாமல் படுத்துக்கொள்ளும். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் இருவர் முதுகும் அதற்குள் தனித்தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது வேறு. "மீட்டரே சரின்னு சொல்லுது ஓ.எம். எட்டே போதுமே?" என்றார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால், அதற்கு ஒரே கேள்விக்குத்தான் பதில் தெரியும்: அனுப்பிய சக்தி திரும்பி வருகிறதா? வரவில்லை என்றது. எங்கே போனது என்று அது சொல்லாது. 53-ல் 17 இன்னமும் மண்ணுடையதுதான். மூன்றில் ஒரு பங்கு! பூமி கெட்டதாக இருப்பதால்தான் பொருத்தம் பிரமாதமாகத் தெரிகிறது. நான் கரியால் சுவரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாத்தியார் கணக்கு வாத்தியார் என்பதால் பிழைத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இரண்டு தடவை படித்தார். "சரி, இன்னும் பதினாறு" என்று சொல்லிவிட்டு ஹோஸ் பைப்பை எடுக்கப் போனார்.

காலையில் அண்ணன் சொன்ன ஊறல் வேலை செய்திருந்தது. 'டங்' போய் 'சதக்' வந்தது. முந்தின நாள் மணிக்கு ஒன்று என்று போன கம்பி, இன்று மணிக்கு மூன்று. தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு பாறை எதற்கும் அசையவில்லை. அதன் மேல் கம்பியை அப்படியே கிடத்தி, இரண்டு கான்கிரீட் ஆணி அடித்து, பூசி மூடினோம். நாலு கம்பியை மட்டும் தலைக்கு மேல் உயரத்தில் காற்றில் இழுத்துக் கட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. தோண்டுகிற வேலையே மிச்சம். அக்கா அதை ஒரே வாக்கியத்தில் நிராகரித்தார்: "கொடின்னு நெனச்சு நானே துணி காயப் போட்ருவேன்." சரியான தீர்ப்பு. ஒலிபரப்பும்போது அந்தக் கம்பிகளின் நுனியைத் தொட்டால் சூடு போட்டுவிடும்.

பதினாறில் 46. இருபத்து நாலில் 43. மண்ணின் பங்கு 42 வாட்டிலிருந்து 16 ஆகக் குறைந்திருந்தது. மீட்டர் முள் முன்னைவிட ஒரு மயிரிழை மோசம். வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்தார்.

ராத்திரி ஒன்பதரை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார் வாத்தியார். பேட்டரியில்தான் பேச வேண்டும், புயலன்றைக்கு எப்படியோ அப்படி. திண்ணையில் கருவி, ஒரு சின்ன விளக்கு. பக்கத்தில் அக்கா பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் இல்லாதவர்கள் மைக்கைத் தொடக்கூடாது என்று வாத்தியார் கண்டிப்பு. மூன்று தடவை கூப்பிட்டார். இரைச்சல். நான்காவது தடவை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இல்லாமல், அடுத்த தெருவிலிருந்து வருகிற மாதிரி மகன் குரல்:

"அப்பா, முழுசா கேக்குது. ஒரு வார்த்தை விடல."

வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிக்னல் ரிப்போர்ட், ஆன்டெனா உயரம், ரேடியல் எண்ணிக்கை என்று விதிப்படி சொல்லிக்கொண்டே போனார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். சாப்ட்டானான்னு கேளுங்க."

வாத்தியார் கேட்டார்.

"சாப்ட்டேம்மா. நீங்க?"

"அந்தத் தட்டு என்னோடதுன்னு சொல்லுங்க" என்றார் அக்கா.